மலையின் வாயில்

நுழையும்முன்

மலை மனிதனைத் தடுக்கவும் செய்கிறது, அழைக்கவும் செய்கிறது. பனி பொழியும் மலைகளை நோக்கி மக்கள் விமானத்தில் செல்கின்றனர். சாரல் பொழியும் மலையை நோக்கித் தொடர்வண்டியில் செல்கின்றனர். ஊர்தி எதுவாயினும் அதற்குரிய வாயிலை எங்கே திறப்பது என்பதை மலையே முடிவு செய்கிறது. தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் மழையையும் மக்களையும் ஒருங்கே கொண்டுவரும் ஒரு கணவாயைப் பற்றியது இப்பாடம்.

பருவத்தால் வாழும் ஊர்கள்

உலகில் சில ஊர்கள் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இயங்குவதில்லை. சில மாதங்கள் அமைதியாக இருக்கும் அவ்வூர்கள், தமக்குரிய பருவம் பிறந்ததும் பன்மடங்கு மக்களைத் தாங்குகின்றன. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள பனிச்சறுக்கு ஊர்கள் இத்தகையன. குளிர்காலத்தில் மலைச்சரிவுகள் பனியால் மூடப்பட்டவுடன் பல நாடுகளிலிருந்தும் மக்கள் அங்குத் திரள்கின்றனர். அவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகவே மலையடிவாரத்தில் சிறிய விமான நிலையங்கள் இயங்குகின்றன. பிரான்சு நாட்டின் சாம்பெரி விமான நிலையம் அவற்றுள் ஒன்று. கோடையில் ஓய்ந்திருக்கும் அந்நிலையம், பனிக்காலத்து வார இறுதி நாள்களில் ஓய்வின்றி இயங்குகிறது.

இந்தியாவிலும் இத்தகைய ஊர்கள் உள்ளன. காசுமீரத்தின் குல்மார்க் பனிச்சரிவுகளுக்குச் செல்வோர் ஸ்ரீநகர் விமான நிலையத்தில் இறங்குகின்றனர். இமாச்சலப் பிரதேசத்தின் மணாலிக்கும் சோலாங் பள்ளத்தாக்கிற்கும் செல்வோர்க்குப் பியாசு ஆற்றங்கரையில் அமைந்த பூந்தர் விமான நிலையம் வாயிலாக விளங்குகிறது.

தமிழ்நாட்டு மலைகளில் பனிச்சறுக்கு இல்லை. ஆயினும் பருவத்தால் வாழும் ஊர் இங்கும் உண்டு. ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து குளிர்காற்று வீச, வானம் மூடி, மென்தூறல் விழத் தொடங்கினால், 'குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது' என்னும் செய்தி தமிழகமெங்கும் பரவுகிறது. ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களே அவ்வூரின் பெரும்பருவம். ஆல்ப்ஸ் ஊர்களுக்குப் பனி எவ்வாறோ, குற்றாலத்திற்குச் சாரல் அவ்வாறு. அப்பருவத்தைத் தேடி வருவோர்க்கும் ஒரு வாயில் வேண்டும். அந்த வாயில் எது என்பதை அறியுமுன், மலைநாட்டில் ஒரு வாயிலை அமைப்பது ஏன் எளிதன்று என்பதை அறிதல் வேண்டும்.

மலைநிலம் விதிக்கும் நெறிகள்

விமானம் பறப்பதற்குக் காற்றே அடிப்படை. இறக்கைகளின் மேலும் கீழும் விரைந்து செல்லும் காற்று விமானத்தை மேலே தூக்குகிறது. உயரம் மிகுந்தால் காற்றின் அடர்த்தி குறையும். இலடாக்கின் லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3256 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைகள் பெறும் தூக்குவிசையும் குறையும். எஞ்சினின் உந்துவிசையும் குறையும். எனவே அதே விமானம் அங்கு மேலெழும்ப மிகுதியான வேகமும் நீண்ட ஓடுபாதையும் வேண்டும். வெப்பம் மிகுந்தால் காற்று மேலும் விரிந்து நெகிழும். ஆதலால் லே நகருக்கான விமானங்கள் பெரும்பாலும் குளிர்ந்த காலை வேளையிலேயே வந்து செல்கின்றன. பிற்பகலில் மலைக்காற்று வலுப்பதும் இதற்கு ஒரு காரணமாகும்.

உயரம் குறைவாக இருப்பினும் இடம் குறுகினால் வேறொரு சிக்கல் எழும். பூந்தர் விமான நிலையம் ஏறக்குறைய 1100 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. ஒரு புறம் ஆறு. சுற்றிலும் உயர்ந்த மலைகள். ஓடுபாதையை விருப்பம்போல் நீட்ட இயலாது. ஆகவே சிறிய விமானங்களே அங்கு இயக்கப்படுகின்றன; அவையும் முழு அளவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப இயலாத நிலை ஏற்படுகிறது.

மலைக்காற்றின் இயல்பும் கருதத்தக்கது. ஆஸ்திரியாவின் இன்சுபுருக் நகர விமான நிலையம் இருபுறமும் மலைகள் நெருங்கிய பள்ளத்தாக்கில் உள்ளது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றை அந்நாட்டினர் 'ஃபோன்' என்பர். ஒரு பக்கத்தில் ஏறும்போது ஈரத்தை மழையாகவும் பனியாகவும் இழந்த காற்று, மறுபக்கத்தில் இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியசு வெப்பமடைகிறது. வறண்டும் வெம்மையுற்றும் சுழன்று வீசும் அக்காற்றில் விமானத்தை இறக்குவது அரிது. அதனால் அந்நிலையத்தில் விமானம் இயக்கும் விமானிகள் தனிப்பயிற்சி பெறுகின்றனர்.

உயரம், இடம், காற்று ஆகிய மூன்றும் விதிக்கும் நெறிகளுக்கு உட்பட்டே மலைநாட்டில் வாயில்கள் அமைகின்றன. குற்றாலத்தின் வாயிலும் அத்தகையதே. அங்கு மலையே ஒரு திறப்பை முன்னமே வைத்திருந்தது.

காற்று நுழையும் கணவாய்

மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக் கடலுக்கும் தமிழகச் சமவெளிக்கும் இடையே நீண்ட மதில்போல் நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளி வந்து அம்மதிலில் மோதி மேலெழுகிறது. குளிர்ந்து மேகமாகிக் கேரளப் பகுதியில் பெருமழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அக்காற்று பெரும்பாலும் ஈரம் இழந்திருக்கும். ஆகவே மலையின் கிழக்குப் பகுதி மழைமறைவு நிலமாக உள்ளது.

இம்மதில் சில இடங்களில் தாழ்ந்து வழிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. செங்கோட்டைக் கணவாயை ஆரியங்காவுக் கணவாய் என்றும் வழங்குவர். அதன் வடக்கே பெரியாற்றுப் பகுதியின் மலைகளும் தெற்கே அகத்தியமலைத் தொடரும் உயர்ந்து நிற்கின்றன. இடையே நிலம் தாழ்ந்திருப்பதால் பருவக்காற்று தன் ஈரத்தை முற்றும் இழக்காமல் கிழக்கே நுழைகிறது. அகன்ற வெளியில் வந்த காற்று குறுகிய வழியில் புகும்போது அதன் வேகமும் மிகுகிறது. தென்காசி, சுரண்டை வட்டாரங்களில் சுழலும் காற்றாலைகள் அவ்வேகத்தை மின்சாரமாக்குகின்றன.

இன்சுபுருக்கில் மலையைத் தாண்டி இறங்கும் காற்று வறட்சியைத் தருகிறது. தென்காசியில் கணவாய் வழியே வரும் காற்றோ குளிர்ச்சியையும் தூறலையும் தருகிறது. மலையைத் தாண்டுவதற்கும் மலையினூடே நுழைவதற்கும் உள்ள வேறுபாடு இது.

சாரல் என்னும் தமிழ்ச்சொல் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அது மலைச்சரிவையும் குறிக்கும். காற்றோடு வரும் மென்தூறலையும் குறிக்கும். பழந்தமிழ் இலக்கியங்களில் மலைப்பக்கத்தைக் குறித்து மிகுதியாக வழங்கிய அச்சொல், இன்று பேச்சுவழக்கில் தூறலையே பெரிதும் குறிக்கிறது. குற்றாலத்தில் நிற்பவர்க்கு இரு பொருளும் ஒருங்கே விளங்கும். மலைச்சாரலில் நின்றே மழைச்சாரலில் நனைய முடிகிறது.

மலைமுகட்டில் பெய்யும் மழை சிற்றாறாகி இறங்குகிறது. தேனருவி, செண்பகாதேவி அருவி எனப் படிப்படியாக விழுந்து பேரருவியாகத் தரையை அடைகிறது. பேரருவியின் நடுவே பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக்குழி உள்ளது. உச்சியிலிருந்து விழும் நீர் முதலில் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பின்னர்ப் பொங்கி வழிகிறது. அதனாலேயே மக்கள் அருவியின் கீழ் நின்று நீராட முடிகிறது. ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி முதலியனவும் இம்மலையின் கொடையாகும்.

கணவாயில் அமைந்த இருப்புப்பாதை

காற்றுக்கு வழிவிட்ட கணவாய் வணிகருக்கும் வழிவிட்டது. சமவெளி விளைபொருள்கள் மேற்கேயும், மலைநாட்டு விளைபொருள்கள் கிழக்கேயும் இதன் வழியே சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசு, சென்னை மாகாண அரசு, தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைக்கும் இருப்புப்பாதையை அமைக்க முற்பட்டன. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா.

பாதை இருபுறமிருந்தும் மலையை நோக்கி வளர்ந்தது. 1902இல் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரையும், 1903இல் செங்கோட்டை வரையும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1904இல் மேற்கே கொல்லத்திலிருந்து புனலூர் வரை பாதை திறக்கப்பட்டது. எஞ்சியிருந்தது புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பகுதி. அதுவும் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் திறக்கப்பட்டது.

அந்த 50 கிலோமீட்டரே மிகக் கடினமானது. தொடர்வண்டியின் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமவெளியில் மிகுந்த சுமையை எளிதில் இழுக்க இது துணைசெய்கிறது. ஏற்றத்தில் அதே இயல்பு தடையாகிறது; பற்றுக்கோடு குறைந்த சக்கரம் வழுக்கிச் சுழலும். நூறு மீட்டர் செல்வதற்குள் ஒரு மீட்டர் ஏறும் சரிவே தொடர்வண்டிக்குக் குறிப்பிடத்தக்க ஏற்றமாகும். சாலை ஊர்திகள் எளிதில் ஏறும் சரிவில் தொடர்வண்டி ஏற இயலாது. ஆகவே மலைவழியில் பாதை நேராகச் செல்வதில்லை. மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து, சிறிது சிறிதாக உயர்கிறது. பள்ளம் வந்தால் பாலம். குன்று குறுக்கிட்டால் குகைவழி.

பகவதிபுரத்திற்கும் ஆரியங்காவுக்கும் இடையே உள்ள குகைவழி இப்பாதையின் மிக நீளமானது. கழுதுருட்டிக்கு அருகே கல்லால் கட்டப்பட்ட பதின்மூன்று கண் பாலம் சாலையில் செல்வோரையும் நின்று பார்க்கச் செய்கிறது. ஏற்றமான பகுதியில் வண்டியின் முன்னே ஓர் எஞ்சின் இழுக்க, பின்னே மற்றோர் எஞ்சின் தள்ளும் முறையும் கையாளப்பட்டது.

1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு மற்றொரு பாதை அமைந்தது. அதன்பின் மதுரை, சென்னை ஆகிய நகரங்களிலிருந்து வருவோர்க்குக் குற்றாலம் மேலும் அணுக்கமாயிற்று. ரசிகமணி டி.கே.சிதம்பரநாதர் (1882–1954) தம் பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். இராஜாஜி, கல்கி முதலியோர் அவரைக் காண அங்கு வந்து தங்கினர். அருவியில் குளித்தலும் கவிதையில் திளைத்தலும் அவர்கள் கண்ட குற்றாலத்தில் ஒன்றாயின. இன்றும் சென்னையிலிருந்து செங்கோட்டைக்கு இயங்கும் வண்டி, பொதிகை மலையின் பெயரைத் தாங்கியே வருகிறது.

தெரிந்து தெளிவோம்

குறும்பாதை என்று வழங்கும் மீட்டர் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1000 மில்லிமீட்டர். அகலப்பாதையில் அது 1676 மில்லிமீட்டர். குறும்பாதை கூர்மையான வளைவுகளுக்கு ஏற்றது, செலவும் குறைவு. ஆகவே மலைப்பகுதிகளில் அது விரும்பப்பட்டது. செங்கோட்டை வட்டாரம் முன்னர்த் திருவிதாங்கூருடன் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் தமிழகத்துடன் இணைந்தது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது.

அகலும் வாயில்

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய குறும்பாதை வண்டி, புனலூர் – செங்கோட்டை மலைப்பகுதியில் 2010இல் நிறுத்தப்பட்டது. அகலப்பாதைப் பணி முடிந்து இவ்வழி முழுமையாக மீண்டும் திறக்கப்பட்டது 2018இல்தான். மலையில் பாதையைச் சற்று அகலப்படுத்தவே எட்டு ஆண்டுகள் ஆயின. குகைவழிகளும் பாலங்களும் புதிய சுமைக்கு ஏற்ப மாற்றப்பட வேண்டியிருந்தன. மலையில் அகலம் எளிதில் கிட்டுவதன்று என்பதற்கு இதுவே சான்று.

வான்வழியும் அணுக்கமாகி வருகிறது. குற்றாலத்திற்கென விமான நிலையம் இல்லை. தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளம், திருவனந்தபுரம், மதுரை ஆகிய விமான நிலையங்களே அதற்கு வான்வாயில்களாக உள்ளன. இவற்றுள் குற்றாலத்திலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம் 2025 ஜூலையில் புதிய முனையத்துடன் விரிவுபெற்றது. 1350 மீட்டராக இருந்த அதன் ஓடுபாதை 3115 மீட்டராக நீட்டப்பட்டுள்ளது. பெரிய விமானங்கள் இறங்குவதற்கு இது வழிவகுக்கிறது. சமவெளியில் அமைந்ததால் அந்த ஓடுபாதையை இரு மடங்குக்கு மேல் நீட்ட முடிந்தது. பள்ளத்தாக்கில் அமைந்த பூந்தருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

தொடர்வண்டிப் பாதை அகலமாயிற்று, ஓடுபாதை நீண்டது, சாலைகள் விரிந்தன. இவற்றால் மாணவர் படிப்புக்கும், நோயாளர் மருத்துவத்திற்கும், உழவர் விளைபொருள் விற்பனைக்கும் பெரும்பயன் விளைந்துள்ளது. சாரல் பருவத்தின் வருவாயை நம்பி வாழும் கடைக்காரர், விடுதி நடத்துவோர், ஊர்தி ஓட்டுநர், பழ வணிகர் ஆகியோரின் குடும்பங்களுக்கு இவ்வாயில்களே வாழ்வாதாரம். ஆயினும் வாயில் அகன்றபோது அருவிக்கரை அகலவில்லை. பேரருவியின் கீழே ஒரே நேரத்தில் நிற்கக்கூடியவர் எண்ணிக்கை முன்பு எவ்வளவோ, இன்றும் அவ்வளவே.

மலை தரும் எச்சரிக்கை

பேரருவியில் நீராடுவோர் தலைக்கு மேலே ஒரு பாதுகாப்பு வளைவு அமைக்கப்பட்டுள்ளது. நீர் அவ்வளவுக்குள் விழும்வரை குளிக்க இசைவு உண்டு. வளைவைத் தாண்டி நீர் கொட்டத் தொடங்கினால் குளிப்பதற்குத் தடை விதிக்கப்படும். நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்க்கு அது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தடையின் பின்னே ஓர் அறிவியல் உண்மை உள்ளது.

அருவியின் அடியில் நிற்பவர் காண்பது மலையின் கடைசிப் படியை மட்டுமே. நீர் திரளும் இடம் மேலே காட்டுக்குள், கண்ணுக்கு எட்டாத தொலைவில் உள்ளது. கீழே வெயில் அடிக்கும்போதும் மேலே பெருமழை பெய்யக்கூடும். செங்குத்தான பாறைச்சரிவில் விழும் நீர் நிலத்தில் ஊற இடமின்றி, மிகக் குறுகிய நேரத்தில் ஒன்றுதிரண்டு இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகியது. அதில் அடித்துச் செல்லப்பட்ட பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அது சாரல் பருவம் தொடங்குவதற்கு முந்தைய கோடைமழைக் காலம். பருவத்தின் பெயரால் மக்கள் வகுத்துக்கொண்ட நாள்காட்டிக்கு மலை கட்டுப்படுவதில்லை என்பதை அத்துயரம் உணர்த்தியது.

பனிமலை ஊர்களில் இத்தகைய இடர் வேறு வடிவில் உண்டு. பனிச்சரிவு நேரக்கூடும் என வல்லுநர் அறிவித்தால், அவ்விடங்களில் சறுக்குவது தடைசெய்யப்படுகிறது. விமானி காற்றின் நிலை கண்டு இறங்காமல் திரும்பிச் செல்வதும் உண்டு. பயணி எவ்வளவு செலவிட்டு வந்தார் என்பதை மலை கேட்பதில்லை. ஆதலால் அதைக் கருத்திற்கொண்டு விதியைத் தளர்த்துதல் அறிவுடைமையாகாது.

கணவாயை நம்பி வாழ்பவர் மனிதர் மட்டும் அல்லர். பெரியாற்றுக் காடுகளுக்கும் அகத்தியமலைக் காடுகளுக்கும் இடையே இக்கணவாய் அமைந்துள்ளது. இயல்பாகவே தாழ்ந்த இந்நிலம், குளிர்ந்த மலைமுகடுகளில் மட்டும் வாழும் சிற்றுயிர்களுக்கு ஒரு பிரிகோடு. யானை போன்ற பேருயிர்களோ ஒரு காலத்தில் இதனைக் கடந்து வடக்கும் தெற்குமாகச் சென்று வந்தன. சாலை, இருப்புப்பாதை, தோட்டங்கள், குடியிருப்புகள் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கியபின் அவ்வழி அடைபட்டு வருகிறது. கிழக்கு மேற்காகச் செல்லும் மனிதனுக்கு வாயிலாக இருப்பது, வடக்கு தெற்காகச் செல்லும் யானைக்கு மதிலாகிறது. காட்டின் தொடர்ச்சி அறுந்தால் விலங்குக் கூட்டங்கள் சிறு சிறு குழுக்களாகத் தனிமைப்படும், காலப்போக்கில் நலிவுறும். குற்றாலம், கடையநல்லூர்ப் பகுதிக் காடுகளை உள்ளடக்கி 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அருவிக்கு நீர் தருவதும் அக்காடுகளே. மரங்களும் மண்ணும் மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுவதால்தான், மழை ஓய்ந்த நாள்களிலும் அருவி ஒழுகுகிறது.

வாயிலும் வீடும்

வீட்டின் வாயிலைப் பெரிதாக்குவதால் வீடு பெரிதாகிவிடுவதில்லை. எத்தனை பேரை உள்ளே அழைக்கலாம் என்பதை வீட்டின் அளவே முடிவு செய்கிறது. மலையூருக்கும் இது பொருந்தும். பூந்தரில் ஏறும் பயணிகளின் எண்ணிக்கையைக் காற்றின் அடர்த்தியும் ஓடுபாதையின் நீளமும் வரையறுக்கின்றன. அங்கு அளவை மீறினால் விமானம் எழும்பாது. ஆகவே எவரும் மீறுவதில்லை. குற்றாலத்தில் அளவை மீறினால் உடனே எதுவும் நின்றுவிடுவதில்லை. நெகிழிக் கழிவாகவும், கலங்கிய ஓடையாகவும், குறுகிய காடாகவும் அதன் விளைவு மெல்ல வெளிப்படும். உடனே தெரியாத எல்லையை அறிந்து நடப்பதற்குக் கூடுதலான அறிவும் கட்டுப்பாடும் வேண்டும்.

திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியில் இம்மலையின் வளத்தைப் பாடினார். அவர் காலத்தில் இருப்புப்பாதையும் இல்லை, விமானமும் இல்லை. அன்றும் கணவாய் வழியே காற்று வந்தது, சாரல் விழுந்தது, அருவி பாய்ந்தது. இன்று அந்த மலையை நோக்கிச் சில மணிநேரத்தில் வந்து சேரும் வசதி வாய்த்திருக்கிறது. விரைந்து வந்து சேர்வது பொறியியலின் வெற்றி. வந்த இடத்தில் பாதுகாப்பு வளைவின் எல்லையை மதிப்பதும், காட்டில் குப்பை இடாது திரும்புவதும், தடை விதிக்கப்பட்ட நாளில் அருவியைக் கரையில் நின்று கண்டு மகிழ்வதும் வருவோரின் பொறுப்பு. அப்பொறுப்பு நிறைவேறும்வரை, அடுத்த ஆனியிலும் மேற்கிலிருந்து வரும் காற்று தென்காசியின் தெருக்களை நனைக்கும். செங்கோட்டை நிலையத்தில் வந்து நிற்கும் வண்டியிலிருந்து மக்கள் அச்சாரலில் இறங்குவர்.